வெள்ளியை எண்ணுகிறோம், நாட்களை எண்ணுகிறோமா?

(“பழைய காரை வெளிநாட்டு உதிரிப்பாகம் வாங்கி நாமே பழுது பார்ப்பது சிக்கனமா, சிக்கலா?” எனும் தலைப்பில் தொலைக்காட்சி மன்றத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய தலைப்பு சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். மொழி, கல்வி, சமுதாயம் என்று பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, காரைப் பற்றியும் நட்டு போல்ட்டைப் பற்றியும் ஒரு மன்றமா என்று கேட்கலாம். ஆனால், நம் குடும்பங்களில் வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரிய செலவு எது என்று எண்ணிப் பாருங்கள். கார்தான். அந்தக் கார் வாசலில் நின்றுவிட்டால் அப்பாவின் வேலை தடைபடுகிறது, பிள்ளையின் டியூஷன் தடைபடுகிறது, பாட்டியின் கிளினிக் நாள் தள்ளிப் போகிறது. ஆகவே, இது குடும்பத்தைப் பற்றிய தலைப்புதான்.

எனக்கு முன் பேசிய நண்பர்களில் ஒருவர், இணையத்தில் பொருளைத் தருவித்து வீட்டிலேயே மாட்டினால் பாதி விலையில் வேலை முடிந்துவிடும் என்றார். மற்றொருவர், அதெல்லாம் வேண்டாத வேலை, பட்டறையில் விட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள் என்றார். இருவர் சொன்னதிலும் உண்மை இருக்கிறது. ஆனால், இருவருமே வெள்ளிக் கணக்கை மட்டுமே போட்டார்கள். நாள் கணக்கை விட்டுவிட்டார்கள். நான் அந்த நாள் கணக்கோடு வந்திருக்கிறேன்.

கடன் ஒன்பது ஆண்டு, உத்தரவாதம் ஐந்து ஆண்டு

நம் மக்கள் ஏன் இந்த வேலையில் இறங்குகிறார்கள்? ஆசைக்காகவா? சிலர் ஆசைக்காகவும் செய்கிறார்கள். பெரும்பாலோர் வேறு வழியில்லாமல் செய்கிறார்கள்.

நம் நாட்டில் கார் கடனை ஒன்பது ஆண்டு வரை நீட்டிக்கலாம். புதிய காருக்கு நிறுவனம் கொடுக்கும் உத்தரவாதமோ பெரும்பாலும் ஐந்து ஆண்டோடு முடிந்துவிடுகிறது. மீதி நான்கு ஆண்டுகள் எப்படிப்பட்டவை? மாதத் தவணையும் கட்ட வேண்டும், பழுதுச் செலவையும் கையிலிருந்து போட வேண்டும். கடன் முடிந்து, “அப்பாடா, இனி வண்டி நமக்குச் சொந்தம்” என்று பெருமூச்சு விடும்போது, வண்டியும் பெருமூச்சு விட ஆரம்பித்துவிடும். இன்னொரு பக்கம், பதினைந்து வயதான ஜெர்மன் காரை மைவி விலைக்கு வாங்கிவிட்டு, அதன் உதிரிப்பாகத்தின் விலையைக் கேட்டு மலைத்து நிற்கும் இளைஞர்களும் நம்மிடையே உண்டு. கார் பழையதாகி விலை இறங்குகிறது. அதன் உதிரிப்பாகம் விலை இறங்குவதில்லை. இந்த உண்மையைக் கார் விற்பவர் சொல்ல மாட்டார்.

இந்த நிலையில் கைப்பேசியைத் திறந்தால் சீனாவிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் அதே பொருள் பாதி விலையில் கண் சிமிட்டுகிறது. யாருக்குத்தான் ஆசை வராது? தருவிப்பதைத் தவறென்று நான் சொல்ல வரவில்லை. எதைத் தருவிப்பது, எப்போது தருவிப்பது, எப்படித் தருவிப்பது என்பதுதான் கேள்வி.

பெயரைச் சொன்னால் போதுமா?

முதல் சிக்கல் பெயரில் தொடங்குகிறது. நாம் காரை அதன் பெயரால் அழைக்கிறோம். தொழிற்சாலைக்கோ எண்தான் தெரியும்.

புரோட்டோன் வாஜாவை எடுத்துக்கொள்வோம். 2000-ஆம் ஆண்டில் அது வந்தபோது அதற்குள் இருந்தது மிட்சுபிஷியின் 4ஜி18 என்ஜின். பிறகு வந்த 1.8 லிட்டர் வாஜாவுக்குள் இருந்தது பிரான்ஸ் நாட்டு ரெனோ என்ஜின். 2006-இல் புரோட்டோனின் சொந்தத் தயாரிப்பான கேம்புரோ என்ஜின் அதே வாஜாவுக்குள் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் வாஜா. பானெட்டைத் திறந்தால் மூன்று நாட்டுச் சம்பந்தம்! “வாஜாவுக்கு ஆல்டர்நேட்டர் வேண்டும்” என்று தட்டச்சு செய்பவருக்கு எந்த வாஜாவின் ஆல்டர்நேட்டர் வந்து சேரும்?

இதற்கு நேர்மாறான கதையும் உண்டு. 1985-இல் வந்த முதல் சாகா, மிட்சுபிஷி லான்சர் ஃபியோரேயை அடிப்படையாகக் கொண்டது. 1994-இல் வந்த கஞ்சில், டைஹட்சு மிராவை அடிப்படையாகக் கொண்டது. 2005-இல் வந்த முதல் மைவிக்கு டைஹட்சு பூனும் டொயோட்டா பாஸோவும் உடன்பிறப்புகள். ஆகவே நம் ஊர்ப் பெயரில் கிடைக்காத ஒரு பொருள், ஜப்பான் பெயரில் வேறொரு பெட்டிக்குள் கிடைக்கலாம். இந்த உறவுமுறை தெரிந்தவருக்கு வெளிநாட்டுச் சந்தை ஒரு வரம். தெரியாதவருக்கு அது ஒரு காடு.

ஜப்பானிலிருந்து வரும் ரீகான் வண்டிக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. வெளிநாட்டு விற்பனையாளர் பதினேழு இலக்க சேஸி எண்ணைக் கேட்பார். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்காகச் செய்யப்பட்ட வண்டிக்குப் பதினேழு இலக்கம் இருக்காது. குட்டையான சட்ட எண்தான் இருக்கும். அது புரியாமல், இல்லாத இலக்கங்களைப் பதிவுப் பத்திரத்தில் தேடிக் களைத்துப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

மூன்றாவது விஷயம், ஸ்டீயரிங் எந்தப் பக்கம் என்பது. நமக்கு வலப்பக்கம். சீனா, அமெரிக்கா, ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கு இடப்பக்கம். புரோட்டோன் எக்ஸ்70 வண்டி, சீனாவின் ஜீலி போயுவேயை அடிப்படையாகக் கொண்டு 2018 டிசம்பரில் இங்கு வந்தது. “இரண்டும் ஒன்றுதானே, அங்கிருந்தே முன் விளக்கை வாங்கிவிடலாமே” என்று தோன்றும். மாட்டிப் பார்த்தால் பொருந்தவும் கூடும். ஆனால், சாலையின் இடப்பக்கமாக ஓட்டும் நமக்கு விளக்கின் ஒளி இடது ஓரத்தில் சற்று உயர்ந்து விழ வேண்டும். வலப்பக்கமாக ஓட்டும் நாட்டுக்குச் செய்த விளக்கு வலது பக்கம் உயர்ந்து அடிக்கும். அங்கே யார் வருகிறார்? எதிரே மோட்டார் சைக்கிளில் வருகிற நம் வீட்டுப் பிள்ளை! அவன் கண் கூசி ஒரு நொடி தடுமாறினால் போதும். விளக்கு பொருந்திவிட்டது என்று மகிழ்வதற்கு முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே, காசு கட்டுவதற்கு முன் பழைய பொருளைக் கழற்றி அதன் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணைப் படியுங்கள். கழற்ற முடியாவிட்டால் சேஸி எண்ணை எடுத்துக்கொண்டு உதிரிப்பாகக் கடைத் தவ்கேயிடம் போய் எண்ணைக் கேளுங்கள். பெயரைச் சொல்லி வாங்குவது, முகவரி இல்லாமல் கடிதம் போடுவது போன்றது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்

இரண்டாவது சிக்கல் வழிச்செலவு. நம் முன்னோர் சுண்டைக்காயை வைத்துச் சொன்ன பழமொழி, இன்றைக்குக் கார் பம்பருக்கு அப்படியே பொருந்துகிறது.

விமானத்தில் பொருள் அனுப்பும் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டி அடைக்கும் இடத்தையும் பார்க்கின்றன. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000-ஆல் வகுப்பது பல நிறுவனங்களின் வழக்கம். 180 சென்டிமீட்டர் நீளம், 50 அகலம், 40 உயரம் உள்ள ஒரு பம்பர் பெட்டியைக் கணக்குப் போடுங்கள். 72 கிலோ வருகிறது. பம்பரின் உண்மையான எடை சில கிலோதான். ஆனால், கட்டணம் 72 கிலோவுக்கு!

இதற்கு மேல் வரி. 2024 ஜனவரி 1 முதல், 500 வெள்ளி அல்லது அதற்குக் குறைவான விலையில் இணையத்தில் வாங்கி வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் பொருள்களுக்கு 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. 500 வெள்ளியைத் தாண்டினால் சுங்கத்துறையின் கணக்கு வேறு. திரையில் பார்த்த விலை ஒன்று. வாசலில் வந்து இறங்கும்போது கொடுக்கும் விலை வேறொன்று.

சில பொருள்கள் விமானத்தில் ஏறவே ஏறாது, ஏறினாலும் ஆயிரம் நிபந்தனை இருக்கும். காற்றுப்பை, பேட்டரி, எரிவாயு நிரப்பிய அப்சார்பர், பெட்ரோல் வாடை போகாத பழைய பம்ப் ஆகியவை அப்படிப்பட்டவை. விற்பவர் இதைச் சொல்லாமல் ஆர்டரை எடுத்துக்கொள்வார். மூன்று வாரம் கழித்து, “மன்னிக்கவும், அனுப்ப இயலவில்லை” என்று ஒரு செய்தி வரும். காசு திரும்ப வரலாம். அந்த மூன்று வாரம் திரும்ப வருமா?

நாட்களின் விலை

இப்போது நான் முதலில் சொன்ன நாள் கணக்குக்கு வருகிறேன். ஓர் எடுத்துக்காட்டுக்காகச் சொல்கிறேன், எண்களை உங்கள் நிலைமைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஓர் ஆல்டர்நேட்டர் உள்ளூர்க் கடையில் 350 வெள்ளி. வெளிநாட்டிலிருந்து, எல்லாச் செலவும் சேர்த்து 190 வெள்ளி. மிச்சம் 160 வெள்ளி. நல்ல மிச்சம்தான். ஆனால், பொருள் வர மூன்று வாரம். ஆல்டர்நேட்டர் இல்லாமல் வண்டி ஓடாது. மூன்று வாரத்தில் வேலை நாட்கள் பதினைந்து. வேலைக்குப் போய் வர வாடகைக் காருக்கு நாளொன்றுக்கு 24 வெள்ளி. பதினைந்து நாளுக்கு 360 வெள்ளி! 160-ஐ மிச்சம் பிடிக்கப் போய் 360-ஐச் செலவழித்தோம். கையிலிருந்து 200 வெள்ளி போனதுதான் கண்ட பலன். இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவர் பட்ட அலைச்சலை இந்தக் கணக்கில் நான் சேர்க்கவில்லை.

மூன்று வாரம் என்பதும் நிச்சயமில்லை. சீனப் புத்தாண்டு நெருங்கினால் அங்குள்ள தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிக் கிடக்கும். ஏப்ரல் கடைசியில் ஜப்பானில் தொடர் விடுமுறை. ஆகஸ்டு மாதம் ஐரோப்பாவில் பாதிப் பேர் கடற்கரையில் இருப்பார்கள். 2023-இன் இறுதியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, ஐரோப்பாவிலிருந்து கிழக்கே வரவேண்டிய பல கப்பல்கள் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வந்தன. எங்கோ நடக்கும் சண்டைக்கு நம் தாமானில் நிற்கும் வண்டி காத்துக்கிடக்கிறது.

இதனால்தான் சொல்கிறேன், உதிரிப்பாகங்களை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்று, வண்டியை நிறுத்திவிடும் பொருள்: பேட்டரி, ஆல்டர்நேட்டர், ஸ்டார்ட்டர், பெட்ரோல் பம்ப், தண்ணீர் பம்ப் போன்றவை. இவை போய்விட்டால் அன்றே வேண்டும். உள்ளூரில் வாங்குங்கள், பத்து இருபது வெள்ளி அதிகமானாலும் வாங்குங்கள். மற்றொன்று, வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே தேவைப்படும் பொருள்: கதவுப் பிடி, கண்ணாடி ஓர ரப்பர், இருக்கைத் துணி, பட்டன், உள் அலங்காரத் துண்டுகள். இவற்றைத் தாராளமாக வெளிநாட்டிலிருந்து தருவியுங்கள். ஒரு மாதம் தாமதமானால் குடி முழுகிவிடாது.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. தேய்ந்துபோகும் பொருள்கள். அவற்றுக்கு நாள்காட்டி உண்டு. டைமிங் பெல்ட்டை எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று வண்டியின் கையேட்டிலேயே போட்டிருக்கிறது. அறுந்த பிறகு தேடினால் அவசரம். நான்கு மாதத்துக்கு முன் தேடினால் அவகாசம். பல என்ஜின்களில் டைமிங் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போய்விடும் என்பதால், அந்த அவகாசத்துக்கு ஆயிரக்கணக்கான வெள்ளி மதிப்பு.

தவறான பொருள் வந்துவிட்டால்?

திருப்பி அனுப்பலாமே என்பார்கள். அனுப்பலாம். பல நேரங்களில் திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையையே எட்டிவிடும். அதனால்தான் நம்மில் பலருடைய வீட்டுப் பின்புறம், பொருந்தாத பொருள்களின் அருங்காட்சியகமாக இருக்கிறது!

உள்ளூர் விற்பனையாளர் ஏமாற்றினால் நமக்கு ஒரு கதவு திறந்திருக்கிறது. பயனீட்டாளர் உரிமை கோரல் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் வழக்குப் பதியலாம். 50,000 வெள்ளி வரை கோரலாம். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. இந்த உரிமை நம் மக்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஆனால், எங்கோ ஒரு நாட்டில் முகம் தெரியாமல் உட்கார்ந்திருக்கும் விற்பனையாளரை அந்த அறைக்கு அழைத்து வருவது நடக்கிற காரியமா? உள்ளூரில் கூடுதலாகக் கொடுக்கும் வெள்ளியில் ஒரு பங்கு, அந்த உரிமைக்காகக் கொடுப்பது. ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நோயே தெரியாமல் மருந்தா?

மூன்றாவது சிக்கல் இதைவிடப் பெரியது. பொருள் சரியாக வந்துவிட்டது, சரியாகப் பொருந்தியும்விட்டது. ஆனால், வண்டியின் கோளாறு போகவில்லை. ஏன்? கெட்டுப்போனது அந்தப் பொருளே இல்லை!

இப்போது ஐம்பது அறுபது வெள்ளிக்கு ஒரு சின்ன ஸ்கேனர் கிடைக்கிறது. டாஷ்போர்டின் அடியில் செருகினால் கைப்பேசியில் ஓர் எண்ணைக் காட்டும். பி0420 என்று வந்தால், உடனே “கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் போச்சு” என்று முடிவு கட்டி, ஆயிரக்கணக்கில் ஆர்டர் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த எண் சொல்வது என்ன? புகையைச் சுத்திகரிக்கும் திறன் குறைந்ததாகத் தெரிகிறது என்பது மட்டுமே. புகைக்குழாயில் ஓட்டை இருந்தாலும் அதே எண் வரலாம். சென்சார் கெட்டிருந்தாலும் வரலாம். பி0171 என்று வந்தால், காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் சேரவில்லை என்று பொருள். வெடித்துப்போன ஐந்து வெள்ளி ரப்பர் குழாய் அதற்குக் காரணமாக இருக்கலாம். காய்ச்சல் என்று தெர்மாமீட்டர் சொல்லும். என்ன காய்ச்சல் என்று அது சொல்லுமா?

ஸ்கேனரைவிட மலிவான ஒரு கருவியைச் சொல்கிறேன். மின்னழுத்தம் பார்க்கும் மீட்டர். காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்றால் ஆல்டர்நேட்டரைத் தேடி ஓடாதீர்கள். என்ஜினை நிறுத்திய நிலையில், நல்ல பேட்டரி நிறைந்திருந்தால் சுமார் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். என்ஜின் ஓடும்போது, பழைய வண்டிகளில் அது ஏறக்குறைய 13.5-இலிருந்து 14.5-க்குள் ஏற வேண்டும். ஏறினால் ஆல்டர்நேட்டர் வேலை செய்கிறது, பேட்டரியைப் பாருங்கள். ஏறவில்லை என்றாலும் முதலில் பெல்ட் தளர்ந்திருக்கிறதா, வயர் முனையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். சில நேரம் ஒரு துண்டு உப்புத்தாளால் தேய்த்தாலே வேலை முடிந்துவிடும். 190 வெள்ளியும் மிச்சம், மூன்று வாரமும் மிச்சம்!

பாதி திறந்த வண்டி

நாலாவது சிக்கல், நாமே பழுது பார்ப்பது. யூடியூபில் ஒருவர் பன்னிரண்டு நிமிடத்தில் தண்ணீர் பம்பை மாற்றிவிடுகிறார். நமக்குச் சனிக்கிழமை காலை தொடங்கி ஞாயிறு இரவு வரை ஆகிறது. அவருக்கு போல்ட் துருப்பிடிக்கவில்லை. நம்முடைய போல்ட் இருபது ஆண்டு மழையையும் வெயிலையும் பார்த்தது. ஒரு திருப்பில் தலை உடைந்து கையோடு வந்துவிடும். பம்பை ஆர்டர் செய்தவர் அதன் கேஸ்கெட்டை ஆர்டர் செய்திருக்க மாட்டார். பத்து வெள்ளி கேஸ்கெட்டுக்காக, பாதி திறந்த வண்டி வாசலிலேயே நிற்கும். வீட்டுக்காரம்மா வந்து, “இது எப்பங்க மூடுவீங்க?” என்று கேட்பார். பதில் சொல்ல முடியாது.

ஆகவே, ஒரு பொருளை மட்டும் வாங்காமல் ஒரு வேலைக்கு என்னென்ன வேண்டும் என்று முழுப் பட்டியலாக வாங்குங்கள். கேஸ்கெட், வாஷர், கிளிப், ஒருமுறை மட்டும் பயன்படுத்த வேண்டிய போல்ட், கூலண்ட் எல்லாம் மேசைமேல் வந்து சேர்ந்த பிறகே முதல் நட்டைத் திருப்புங்கள்.

வீட்டில் செய்யக்கூடிய வேலைகளும் நிறைய உண்டு. காற்று வடிகட்டி, ஏர்கோன் வடிகட்டி, வைப்பர், பல்பு, பேட்டரி, பல வண்டிகளில் ஸ்பார்க் பிளக் ஆகியவற்றை ஒரு பொறுமைசாலி செய்துவிடலாம். இதில் மிச்சமாகும் காசைவிடப் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது. பக்கத்தில் டார்ச் லைட் பிடித்துக்கொண்டு நிற்கும் மகனும் மகளும் கற்றுக்கொள்கிறார்கள். மகளும் என்று அழுத்திச் சொல்கிறேன். நாளைக்கு அந்தப் பெண் தனியாகப் பட்டறைக்குப் போகும்போது, “இதை மாத்தணும், அதை மாத்தணும்” என்று யாரும் அவளை மிரட்ட முடியாது.

எந்தக் கோட்டைத் தாண்டக் கூடாது?

இப்போது சிரிப்பை ஒதுக்கி வைத்துவிட்டுச் சில வார்த்தைகள்.

வண்டியோடு வரும் ஜாக், டயர் மாற்றுவதற்கு மட்டுமே. அதை நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள். ஸ்டாண்டு வைக்காமல், சக்கரத்துக்குக் கட்டை கொடுக்காமல் ஒரு நிமிடம்கூட அடியில் படுக்கக் கூடாது. அப்சார்பரைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங் அழுத்தி வைக்கப்பட்ட ஸ்பிரிங். சரியான கருவி இல்லாமல் கழற்றினால் அது எகிறி முகத்தைப் பெயர்த்துவிடும். பிரேக் குழாயைத் திறந்து, காற்றை முழுமையாக வெளியேற்றாமல் மூடினால் பெடல் தரையோடு போய்விடும். அதைக் கண்டுபிடிக்கும் இடம் பள்ளிக்கூட வாசலாக இருக்கக் கூடாது. விலை மலிவு என்று பெயர் தெரியாத பிரேக் பேடை வாங்கி மாட்டுவதும் இதே கணக்குதான். போலிப் பெட்டிகளில் அசலைப் போலவே அச்சடிக்கிறார்கள்.

காற்றுப்பையைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். விபத்தில் காற்றுப்பை விரிந்துவிட்டால் புதியது விலை அதிகம் என்று, ஹாஃப் கட் கடையிலோ வெளிநாட்டு இணையத்திலோ பழையதை வாங்கி மாட்டுகிறார்கள். 2014-ஆம் ஆண்டு சரவாக், சிபுவில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஒரு பழைய ஹோண்டா சிட்டி மோதியபோது அதன் காற்றுப்பை ஊதும் பகுதி வெடித்து, உலோகத் துண்டு பாய்ந்து ஒரு கர்ப்பிணிப் பெண் உயிரிழந்தார். அது ஜப்பானின் தகாத்தா நிறுவனம் செய்தது. அதில் பயன்படுத்திய அம்மோனியம் நைட்ரேட், ஆண்டுக்கணக்கில் வெப்பமும் ஈரப்பதமும் பட்டால் தன்மை கெட்டு, வேண்டியதைவிட வேகமாக வெடிக்கும். வெப்பமும் ஈரப்பதமும் நம் நாட்டில் இல்லாத நாள் எது? உலகெங்கும் கோடிக்கணக்கான வண்டிகளுக்கு மீட்பு அழைப்பு விடப்பட்டது. 2017-இல் அந்த நிறுவனமே திவாலானது.

இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மீட்பு அழைப்பு சேஸி எண்ணைத் தேடித்தான் வருகிறது. ஒரு வண்டியிலிருந்து பிடுங்கி இன்னொரு வண்டியில் மாட்டிய காற்றுப்பைக்கு அந்த அழைப்பு வந்து சேராது. உங்கள் சேஸி எண்ணைப் போட்டுப் பார்த்தால், “பிரச்சினை இல்லை” என்றுதான் வரும். உள்ளே உட்கார்ந்திருப்பதோ வேறொரு வண்டியின் பிரச்சினை! ஆகவே பிரேக், ஸ்டீயரிங், காற்றுப்பை, இருக்கை வார் ஆகிய நான்கிலும் பழையது வேண்டாம், பெயர் தெரியாதது வேண்டாம், பழகாத கையும் வேண்டாம். உங்கள் பழைய வண்டியின் சேஸி எண்ணை எடுத்துக்கொண்டு, அந்த நிறுவனத்தின் சேவை மையத்தில் மீட்பு அழைப்பு நிலுவையில் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால், அந்தப் பழுதை நிறுவனமே இலவசமாகச் செய்து கொடுக்கும்.

போர்மேனோடு சண்டை வேண்டாம்

நிறைவாக, பட்டறைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. நாம் வெளிநாட்டுப் பொருளைக் கையில் கொண்டுபோய் நின்றால் அவர் முகம் சுருங்குகிறது. “சொந்தப் பொருள் கொண்டாந்தா நான் கேரண்டி கொடுக்க முடியாதுண்ணே” என்கிறார். உடனே நமக்குக் கோபம் வருகிறது. ஆனால், யோசித்துப் பாருங்கள். பொருளில் கிடைக்கும் சிறு லாபத்தையும் சேர்த்துத்தான் அவர் கூலியைக் குறைத்துச் சொல்கிறார். நம் பொருள் பொருந்தாவிட்டால் அவருடைய லிஃப்டில் நம் வண்டி நாள் முழுக்க நிற்கும். அடுத்த வண்டி ஏற முடியாது. நமக்கு நாட்களுக்கு விலை இருப்பதுபோல் அவருக்கும் உண்டு.

இதற்கு வழி, முன்கூட்டியே பேசுவது. பொருளை வாங்குவதற்கு முன்பே அவரிடம் போங்கள். “அண்ணே, இந்தப் பொருள் நான் கொண்டு வரலாமா? கூலி மட்டும் எவ்வளவு?” என்று கேளுங்கள். கூலி சற்றுக் கூடுதலாகச் சொன்னால் கொடுங்கள். மாற்றிய பழைய பொருளைத் திருப்பிக் கேட்டு வாங்குங்கள். அதன் மேல் இருக்கும் எண்ணைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த முறை அந்த எண்ணே உங்களுக்கு வழிகாட்டும். நேர்மையான ஒரு போர்மேனைக் கண்டுபிடித்துவிட்டால் அவரைக் குடும்ப மருத்துவரைப்போல் பேணிக்கொள்ளுங்கள்.

அன்பர்களே, இனி இணையத்தில் வாங்கும் பொத்தானை அழுத்துவதற்கு முன் ஐந்து கேள்விகளைக் கேட்டுக்கொள்ளுங்கள். கெட்டுப்போனது இந்தப் பொருள்தான் என்று சோதித்துப் பார்த்தேனா? பொருளின் எண் என் கையில் இருக்கிறதா? இது வரும்வரை வண்டி ஓடுமா? ஓடாவிட்டால் அந்த நாட்களின் செலவு எவ்வளவு? இது தவறினால் உயிருக்கு ஆபத்து உண்டா? இந்த ஐந்துக்கும் நல்ல பதில் இருந்தால் தயங்காமல் வாங்குங்கள், மகிழ்ச்சியோடு மாட்டுங்கள். ஒன்றில் சந்தேகம் இருந்தாலும் கையை எடுத்துவிடுங்கள்.

ஆக, பழைய காரை நாமே பழுது பார்ப்பது சிக்கனமா, சிக்கலா என்ற கேள்விக்கு என் பதில் இது: நாட்களையும் சேர்த்து எண்ணுகிறவருக்கு அது சிக்கனம். வெள்ளியை மட்டும் எண்ணுகிறவருக்கு அது சிக்கல்.